கோணத்தின் நடு எழுத்தும் எண்கோட்டின் திறந்த வட்டமும்: ஜியோஜீப்ரா மதிப்புரை

எட்டாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகளின் கணக்கு நோட்டில் இருந்த ஒரு வரிதான் இந்த மதிப்புரைக்குக் காரணம். ‘∠ஏபிசி < 90°’ என்று இருக்க வேண்டிய அந்த வரியில், தொடக்கத்தில் வரும் கோணக் குறியையும் நடுவில் வரும் ‘விடச் சிறியது’ குறியையும் அவள் வேறுபாடே தெரியாமல் ஒரே கூர்முனையாக எழுதியிருந்தாள். வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். “கோணம் ஏபிசி கோணம் தொண்ணூறு” என்று படித்துவிட்டு, “இதுக்கு என்ன அர்த்தம், சித்தப்பா?” என்று என்னையே கேட்டாள். பெருக்கலிலும் பின்னத்திலும் தடுமாறாத பிள்ளை அவள். இந்த இரண்டு குறிகளையும் யாரும் அவளுக்கு நின்று நிதானமாக அறிமுகப்படுத்தவில்லை என்பதுதான் குறை. அந்தக் குறையில் எனக்கும் பங்கு உண்டு.

அவளைக் கடிந்துகொள்ள மனம் வராததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் ஹாரியட் 1621இல் இறந்தார்; பத்து ஆண்டுகள் கழித்து, 1631இல் வெளிவந்த அவருடைய இயற்கணித நூலில்தான் <, > என்ற இரு குறிகளும் இன்றைய பொருளில் அச்சேறின. அதற்கு மூன்றே ஆண்டுகளுக்குப் பின், 1634இல், பிரான்சில் பியர் எரிகோன் கோணத்தைக் குறிக்க ∠ என்ற வடிவத்தையும், சில இடங்களில் < என்ற வடிவத்தையுமே பயன்படுத்தினார். ஒரே கூர்முனை இரண்டு வேலைகளைச் சுமந்த காலம் உண்மையிலேயே இருந்திருக்கிறது. கீழ்க்கோடு தரையில் படுத்திருந்தால் கோணம், இரண்டு கோடுகளும் மேலும் கீழும் ஒரே அளவு சாய்ந்திருந்தால் ஒப்பீடு என்ற பிரிவினை பிறகுதான் நிலைபெற்றது. பதினேழாம் நூற்றாண்டில் கணித அறிஞர்களுக்கே நேர்ந்த மயக்கம் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நேர்வதில் வியப்பில்லை என்று அவளிடம் சொன்னபோது, அவள் முகத்தில் இருந்த கூச்சம் பாதி குறைந்தது.

மீதிப் பாதியைக் குறைப்பதற்காகத்தான் ஜியோஜீப்ரா என்ற இலவசக் கணித மென்பொருளை எடுத்தோம். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பவர் தம் முதுகலை ஆய்வின் பகுதியாக 2001இல் தொடங்கியது இது. ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா என்ற இரண்டு சொற்களை ஒட்டவைத்து இந்தப் பெயரை வைத்தார். பெயரிலேயே வடிவியலும் இயற்கணிதமும் சேர்ந்திருப்பது வெறும் அலங்காரம் இல்லை. திரையின் ஒரு பக்கம் படம், மறுபக்கம் அந்தப் படத்தின் எண்களும் சமன்பாடுகளும் என்று இரண்டும் அருகருகே நிற்க, ஒன்றை அசைத்தால் மற்றது உடனே மாறுகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களைத் திறந்தால் கணிதப் பாடங்களின் இறுதியில் ‘இணையச் செயல்பாடு’ என்ற பக்கத்தில் க்யூஆர் குறியீட்டுடன் இதன் பெயரைக் காணலாம். பல வீடுகளில் அந்தப் பக்கம் படிக்கப்படாமலே தாண்டிச் செல்லப்படுகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. ஒரு மாதம், மாலையில் முக்கால் மணி நேரம் வீதம், மடிக்கணினியிலும் கைபேசியிலும் இதைப் பயன்படுத்திய பிறகு, கோணக் குறியீடு, அசமன்பாடு (எது பெரியது, எது சிறியது என்று குறியால் ஒப்பிட்டு எழுதுவது) என்ற இரண்டு தொடக்கநிலைப் பாடங்களுக்கு இது எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன். முப்பரிமாண வரைபடம், நுண்கணிதம் போன்ற மற்ற வசதிகளைப் பற்றிப் பேச இது இடமில்லை.

முதலில் கோணம். மூன்று புள்ளிகளைத் திரையில் வைத்ததும் மென்பொருளே அவற்றுக்கு ஏ, பி, சி என்று பெயரிட்டுவிடுகிறது. கோணக் கருவியைத் தேர்ந்தெடுத்து அந்த மூன்று புள்ளிகளையும் வரிசையாகத் தொட்டால், இரண்டாவதாகத் தொட்ட புள்ளியில் கோணம் தோன்றுகிறது. ‘நடு எழுத்துதான் முனை’ என்று வகுப்பில் மனப்பாடமாகச் சொல்லப்படும் விதி இங்கே கைவேலையாகிவிடுகிறது. ஏ, பி, சி என்று தொட்டால் கோணத்தைக் காட்டும் வில் பி-யில் விழும். பி, ஏ, சி என்று தொட்டால் ஏ-யில் விழும். எழுத்துகளின் வரிசை என்பது ‘எங்கிருந்து புறப்பட்டு, எந்த முனையில் திரும்பி, எங்கே போகிறோம்’ என்ற வழித்தடம் என்பது அவளுக்குப் புரிய இரண்டு நிமிடங்கள்கூட ஆகவில்லை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் கோணக் குறியை முன்னால் போடாமல் நடு எழுத்தின் தலையில் ஒரு சிறு கூரை வைத்து எழுதும் வழக்கம் உண்டு. முனை எது என்பதை அந்தக் கூரை நேராகவே சுட்டுவதால், கற்பிப்பதற்கு அது இன்னும் நல்ல குறியீடு என்பது என் எண்ணம். அமெரிக்கத் தளங்களில் கோணத்தின் அளவைச் சொல்லும்போது ∠ குறிக்கு முன் ஒரு சிறிய ‘எம்’ எழுத்தைச் சேர்ப்பார்கள். கோணம் என்ற உருவம் வேறு, அதன் அளவாகிய எண் வேறு என்று காட்டுவதற்காக. நம் பாடநூல்கள் அந்த வேறுபாட்டைப் பொதுவாகக் குறியில் காட்டுவதில்லை. பிள்ளைகள் இணையத்தில் படிக்கும்போது அந்த ‘எம்’மை ஏதோ ஒரு மாறி என்று நினைத்துப் பெருக்கத் தொடங்குவதைக் கண்டிருக்கிறேன் என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

அடுத்த நாள் ஒரு திகைப்பு காத்திருந்தது. கண்ணுக்கு ஏறத்தாழ 60° எனத் தெரிந்த ஒரு கோணத்தை அவள் அளந்தபோது திரை 300° என்று காட்டியது. மென்பொருளில் பிழை ஏதும் இல்லை. இது அதன் அடிப்படை வடிவமைப்பு. முதலில் தொட்ட புள்ளியிலிருந்து மூன்றாவது புள்ளி வரை, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றிச் சென்றுதான் ஜியோஜீப்ரா கோணத்தை அளக்கிறது. பாடநூலில் ∠ஏபிசி என்றாலும் ∠சிபிஏ என்றாலும் ஒன்றே. இங்கே தொடும் வரிசையைத் திருப்பிப்போட்டால் 300° போய் 60° வந்துவிடும். கோணத்தின் பண்புகளுக்குள் சென்று ‘0° முதல் 180° வரை’ என்ற தேர்வைச் செய்துவிட்டால் இந்தத் தொல்லை நீங்கும், எந்த வரிசையில் தொட்டாலும் பாடநூல் விடையே கிடைக்கும். ஆனாலும் முதல் நாளே அந்தத் தேர்வைச் செய்துவிட வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். கோணம் என்பது இரண்டு கோடுகளுக்கு இடையிலுள்ள முடுக்கு என்று மட்டுமே நினைத்திருந்த பிள்ளை, அது ஒரு திருப்பத்தின் அளவு என்று உணரும் தருணம் அந்த 300° தான். கணிதப் பெட்டியில் உள்ள கோணமானியிலும் உள்வரிசை, வெளிவரிசை என்று இரண்டு எண்வரிசைகள் எதிரெதிர்த் திசைகளில் ஓடுவது ஏன் என்பதை அவள் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டாள். எந்தக் கதிரில் பூஜ்ஜியம் படிந்திருக்கிறதோ அந்தக் கதிரிலிருந்து தொடங்கும் வரிசையைப் படிக்க வேண்டும் என்ற விடையையும் அவளே கண்டுபிடித்தாள்.

கோணத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் வேரோடியிருக்கும் இன்னொரு தவறான எண்ணம், கதிர்கள் நீளமாக இருந்தால் கோணமும் பெரியது என்பது. தாளில் வரைந்த படத்தை வைத்து இதை எத்தனை முறை மறுத்தாலும் கண் நம்ப மறுக்கும். திரையில் பி-யிலிருந்து ஏ வழியாக ஒரு கதிரை வரைந்து, அந்தக் கதிரின் மேலேயே ஏ-யை வெளியே இழுத்துக்கொண்டு போகும்போது, கோடு நீண்டுகொண்டே போக எண் மட்டும் அசையாமல் நிற்கிறது. அவள் திரையின் விளிம்பு வரை இழுத்துப் பார்த்தாள், பிறகு பி-க்கு மிக அருகில் கொண்டுவந்தும் பார்த்தாள். நான் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதேபோல் கோணத்தின் உட்பகுதியில் டி என்ற நான்காவது புள்ளியை வைத்துக் கதிர் வரைந்ததும், ‘∠பி’ என்று ஒற்றை எழுத்தில் பெயரிடுவது ஏன் போதாது என்பது விளங்கிவிட்டது: பி-யை முனையாகக் கொண்டு இப்போது மூன்று கோணங்கள் இருக்கின்றன, அவற்றுள் ∠ஏபிடி, ∠டிபிசி இரண்டையும் கூட்டினால் ∠ஏபிசி.

இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ஜியோஜீப்ரா தான் அளக்கும் கோணங்களுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று கிரேக்க எழுத்துகளில் தானாகவே பெயரிடுகிறது. பள்ளிப் பிள்ளை எழுதிப் பழக வேண்டியதோ மூன்றெழுத்துப் பெயரை. பண்புகளுக்குள் சென்று தலைப்பை மாற்றி ∠ஏபிசி என்று எழுதவைக்க முடியும் என்றாலும், ஒவ்வொரு கோணத்துக்கும் அதைச் செய்வது சிறு பிள்ளையின் பொறுமைக்குச் சோதனை. நாங்கள் வேறு வழி செய்தோம்: திரையில் ஆல்ஃபா இருக்கட்டும், அதன் மூன்றெழுத்துப் பெயரை அவள் நோட்டில் எழுத வேண்டும் என்று ஒப்பந்தம். குறியீட்டுப் பயிற்சி அப்படித்தான் நடந்தது. பாகைக் குறியையும் கவனிக்க வேண்டும். கட்டளையாகக் கோணத்தைத் தட்டச்சு செய்யும்போது ° என்ற சிறு வட்டத்தை விட்டுவிட்டால் மென்பொருள் அந்த எண்ணைப் பாகையாக அல்லாமல், ரேடியன் என்ற வேறொரு கோண அலகாக எடுத்துக்கொள்ளும். 60 என்பதும் 60° என்பதும் வேறு வேறு என்பதைக் கறாராகக் கற்றுக்கொடுப்பதால், இதைக் குறையாக நான் கருதவில்லை.

இழுக்கும்போது கோணம் குறுங்கோணமாக, செங்கோணமாக, விரிகோணமாக, நேர்க்கோணமாக, பின்வளைகோணமாக மாறிக்கொண்டே போவதைப் பார்ப்பதுதான் அசமன்பாட்டுக்கு எங்கள் வாசல். விரிகோணம் என்றால் ‘பெரிய கோணம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவள், 90°க்கும் 180°க்கும் இடைப்பட்டது, இரண்டு எல்லைகளும் சேராதது என்று சொல்ல வேண்டிய தேவையை அங்கே உணர்ந்தாள். சரியாக 90° ஆகும்போது வளைந்த வில் மறைந்து சிறிய சதுரக் குறி தோன்றும். சில சமயம் எண் 90° என்றே காட்டும், ஆனால் சதுரம் வராது, வில்லே இருக்கும். திரையில் காட்டப்படும் எண் இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கப்பட்டிருந்தால் 89.998°கூட 90° என்றே தெரியும் என்பதுதான் காரணம். மூன்று கோணங்களைக் கூட்டும்போதும் இது தலைகாட்டும். உண்மையான அளவுகள் 45.336°, 67.336°, 67.328° என்று இருந்தால் கூடுதல் மிகச்சரியாக 180°. திரையில் தெரிவதோ 45.34°, 67.34°, 67.33°, அவற்றைக் கூட்டினால் 180.01°. முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் பற்றிய தேற்றம் பொய்த்துவிட்டதாகப் பிள்ளை பதறுவதற்கு முன், தசம இடங்களை அமைப்பில் கூட்டிக் காட்டிவிடுவது நல்லது.

இனி அசமன்பாடு, அல்லது இலங்கை வழக்கில் சொன்னால் சமனிலி. இந்தப் பாடத்தின் முதல் இடர் கணிதத்தில் இல்லை, வாசிப்பில் இருக்கிறது. எக்ஸ் < 3 என்பதை இடமிருந்து வலமாக அப்படியே தமிழில் படித்தால் ‘எக்ஸ் சிறியது மூன்றை’ என்று தொடர் உடைந்துபோகிறது. தமிழ் வாக்கிய அமைப்பில் 3 முன்னால் வந்து, ‘மூன்றைவிட எக்ஸ் சிறியது’ என்றாகிறது. ஒரு பிள்ளை குறியைத் திருப்பிப் போடுவதற்கு இதுவே போதும். அதே தமிழில் இந்தப் பாடத்துக்கு என்றே செய்து வைத்தாற்போல இரண்டு சொற்கள் இருக்கின்றன என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். ‘ஐந்துக்குக் குறையாமல்’ என்றால் ≥ 5. ‘ஐந்துக்கு மிகாமல்’ என்றால் ≤ 5. ‘பெரியது அல்லது சமம்’ என்று இரண்டு துண்டாகச் சொல்லி, சமமும் பெரியதும் எப்படி ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று பிள்ளையைக் குழப்புவதைவிட, ‘குறையாமல்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டால், சிறியது என்பதன் மறுப்புதான் ≥ என்ற தர்க்கமும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ‘பதினெட்டு வயதுக்கு மேல்’ என்னும்போது பதினெட்டு சேருமா என்ற ஐயம் எழும். ‘பதினெட்டு வயதுக்குக் குறையாமல்’ என்னும்போது எழாது. வாக்களிக்கும் வயது எது என்று கேட்டு, அதைக் குறியால் எழுதச் சொன்னதுதான் அவளுடைய முதல் பயிற்சி.

ஜியோஜீப்ராவில் எக்ஸ் < 3 என்று தட்டியதும், 3 வழியாக ஒரு செங்குத்துக்கோடு விட்டுவிட்டு விழுந்து, அதன் இடப்பக்கம் முழுவதும் நிறம் பரவுகிறது. சிறியது குறியையும் சமக் குறியையும் அடுத்தடுத்துத் தட்டினால் அதுவே ≤ ஆக மாறிக்கொள்ளும், விட்டுவிட்டு இருந்த கோடும் முழுக்கோடாகிவிடும். எல்லை சேருமா, சேராதா என்பதைக் கோட்டின் தன்மையே சொல்லிவிடும் இந்த ஏற்பாடு மிக அழகானது. ஆயினும் தொடக்கநிலைப் பிள்ளைக்கு ஒரு சிக்கல் உண்டு. அவள் பள்ளியில் படித்தது எண்கோட்டில் 3இன் மேல், 3 சேராது என்று காட்டும் ஒரு திறந்த வட்டமும் இடப்புறம் ஓர் அம்பும். திரையில் வருவதோ பாதித் தளம். ‘எக்ஸ் ஆயத்தொலைவு 3ஐவிடச் சிறியதாக உள்ள எல்லாப் புள்ளிகளும்’ என்று விளக்கினால் உண்மைதான், ஆனால் அது அடுத்த வகுப்புகளின் பாடம். கிளாசிக் என்ற பதிப்பில், அசமன்பாட்டின் பண்புகளில் ‘எக்ஸ் அச்சில் காட்டு’ என்ற தேர்வு இருக்கிறது. அதைச் செய்தவுடன் நிறம் பரவிய தளம் சுருங்கி, அச்சின் மேல் நாம் தேடிய எண்கோட்டுப் படம் வந்துவிடும். இந்தத் தேர்வு இவ்வளவு உள்ளே ஒளிந்திருக்க வேண்டியதில்லை. தேடிக் கண்டுபிடிப்பவருக்கு மட்டுமே கிடைக்கும் வசதியாக இருப்பதால், பலர் பாதித் தளத்தைப் பார்த்துவிட்டு, இது நமக்கில்லை என்று மூடிவிடக்கூடும்.

குறை எண்ணால் பெருக்கினால் குறி திரும்பும் என்ற விதியை, ‘ஏன்’ என்று கேட்காமல் ஏற்றுக்கொள்ளும்படிதான் பெரும்பாலான பிள்ளைகள் பழக்கப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். இந்த மென்பொருள் என்னைப் பொறுத்தவரை தன் விலையை, விலையே இல்லாவிட்டாலும், ஈடுகட்டிய இடம் இதுதான். நழுவல் என்று பாடநூல்கள் சொல்லும் இழுக்கத்தக்க எண்ணை ஒன்று உருவாக்கி அதற்குக் கே என்று பெயர் வைத்தோம். –3 முதல் 3 வரை அது நகரும். எண்கோட்டின் மேல் 2 × கே, 5 × கே என்ற இரண்டு இடங்களில் ஆளுக்கொரு நிறத்தில் புள்ளிகள் வைத்தோம். கே 1 ஆக இருக்கும்போது புள்ளிகள் 2இலும் 5இலும், சிவப்பு இடப்புறம், நீலம் வலப்புறம். கே குறையக் குறைய இரண்டும் பூஜ்ஜியத்தை நோக்கி நெருங்கி வருகின்றன. கே பூஜ்ஜியமாகும்போது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. பூஜ்ஜியத்தைத் தாண்டியதும், தொலைவில் இருந்த நீலம் வேகமாக இடப்பக்கம் பாய்ந்து சிவப்பை முந்திவிடுகிறது. கே –1 ஆகும்போது –2இல் சிவப்பு, –5இல் நீலம். இப்போது இடப்புறம் இருப்பது நீலம். குறி திரும்புகிறது என்றால் இடவல வரிசை திரும்புகிறது என்பதே அதன் பொருள். அவள் நழுவலை முன்னும் பின்னுமாகப் பத்துப் பன்னிரண்டு முறை இழுத்திருப்பாள். பூஜ்ஜியத்தால் பெருக்கினால் என்ன ஆகும் என்று நான் கேட்பதற்கு முன்பே, “சைபர்ல ரெண்டும் ஒண்ணாயிடுது, அப்ப சிறியதுன்னும் சொல்ல முடியாது, பெரியதுன்னும் சொல்ல முடியாது” என்றாள்.

இதற்கு நேர்மாறாக, மென்பொருள் மௌனமாக இருந்துவிடும் இடமும் உண்டு. ஒன்றைவிடச் சிறியது அல்லது நான்கைவிடப் பெரியது என்பதை 1 > எக்ஸ் > 4 என்று ஒரே தொடராக எழுதுவது பிள்ளைகளிடம் மிகப் பரவலான பிழை. ஒரே எண் ஒன்றுக்குக் கீழும் நான்குக்கு மேலும் இருக்க முடியாது என்பதால் இதற்குத் தீர்வே இல்லை; திரையிலும் எந்த நிறமும் பரவாது. பிழைச் செய்தி ஏதும் வராத நிலையில், தான் தட்டியதில் தவறா, கைபேசியில் தவறா என்று பிள்ளைக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து, ‘அல்லது’ என்ற இணைப்பைக் கொண்டு இரண்டாகப் பிரித்து எழுதச் சொல்ல வேண்டும். அவ்வாறு எழுதியதும் இடையில் வெற்றிடம் விட்டு இருபுறமும் நிறம் பரவும். –2 எக்ஸ் < 6 போன்ற கணக்குகளிலும் எச்சரிக்கை தேவை. தட்டிய கணமே தீர்வுப் பகுதி வந்துவிடுவதால், இருபுறமும் –2ஆல் வகுத்து, குறியைத் திருப்பி, எக்ஸ் > –3 என்று எழுத வேண்டிய படிகள் எல்லாம் தேவையற்றவை போலத் தோன்றிவிடும். முதலில் தாளில் தீர்க்க வேண்டும், பிறகு வினாவையும் விடையையும் தனித்தனியே தட்டி, இரண்டின் நிறமும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே படிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை எங்கள் வீட்டில் விதியாக வைத்தோம். படியவில்லை என்றால் குறியைத் திருப்ப மறந்திருக்கிறாள் என்று அவளே சொல்லிவிடுவாள்.

நான்காவது வாரத்தில் கோணமும் அசமன்பாடும் ஒரே படத்தில் சந்தித்தன. இதை எந்தப் பெற்றோரும் பதினைந்து நிமிடங்களில் செய்து பார்க்கலாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பி, சி என்ற இரண்டு புள்ளிகளை 4 அலகு இடைவெளியில் வைக்க வேண்டும். சி-யை மையமாகக் கொண்டு 3 அலகு ஆரமுள்ள வட்டம். பி-யை மையமாகக் கொண்டு, நழுவலால் கூட்டவும் குறைக்கவும் கூடிய ஆரமுள்ள இன்னொரு வட்டம். வட்டங்கள் வெட்டும் இடம் ஏ. ஆக 4, 3 என்ற இரண்டு பக்கங்கள் நிலையானவை, மூன்றாவது பக்கம் மட்டும் நம் கையில். முக்கோணத்தை வரைந்து, ∠ஏசிபியை அளந்து திரையில் வைத்துவிட்டு நழுவலை இழுத்தால் போதும். மூன்றாவது பக்கம் 2 ஆக இருக்கும்போது அந்தக் கோணம் ஏறத்தாழ 28.96°, 4 ஆகும்போது 67.98°, 5 ஆனவுடன் வில் போய்ச் சதுரக் குறி வந்து 90°, 6 ஆகும்போது 117.28°. எதிர்ப்பக்கம் வளர வளரக் கோணமும் வளர்கிறது. பக்கம் 5க்குக் கீழே இருக்கும் வரை குறுங்கோணம், 5ஐத் தாண்டினால் விரிகோணம். பக்கங்கள் 3, 4, 5 ஆக நிற்கும் அந்த நிலையில் மற்ற இரண்டு கோணங்களையும் அளந்தால் 53.13°, 36.87°, பெரிய பக்கத்துக்கு எதிரே பெரிய கோணம், சிறிய பக்கத்துக்கு எதிரே சிறிய கோணம் என்று யூக்ளிட் காலத்திலிருந்து நிறுவப்பட்டு வரும் தேற்றம் எண்களாகவே எதிரில் நிற்கிறது.

ஆனால் அவளைக் கட்டிப்போட்டது நடுப்பகுதி இல்லை, ஓரங்கள்தான். மூன்றாவது பக்கத்தை 7 வரை நீட்டியதும் முக்கோணம் நசுங்கி, மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் படுத்துவிட்டன. ∠ஏசிபி 180° ஆனது. 7ஐத் தாண்டியதும் வட்டங்கள் வெட்டிக்கொள்ளவே இல்லை, ஏ என்ற புள்ளியே திரையிலிருந்து காணாமல் போயிற்று. மறுபுறம் 1 வரை குறைத்தபோது கோணம் 0° ஆகி மறுபடியும் எல்லாம் ஒரே கோடு. 1க்குக் கீழே வட்டங்கள் ஒன்றையொன்று எட்டவில்லை. 3, 4 என்ற இரண்டு பக்கங்கள் இருந்தால் மூன்றாவது பக்கம் இரண்டின் வித்தியாசத்தைவிடப் பெரிதாகவும் கூடுதலைவிடச் சிறிதாகவும் இருக்க வேண்டும் என்ற முக்கோணச் சமனிலியை நான் வாயால் சொல்லவே இல்லை. ‘7 சேருமா?’ என்று மட்டும் கேட்டேன். எண்கோட்டில் திறந்த வட்டம், மூடிய வட்டம் என்று அதுவரை வரைந்ததெல்லாம் அவளுக்கு ஆசிரியர் சொன்ன ஒரு பழக்கம். சேராத எல்லையில் உண்மையிலேயே ஏதோ ஒன்று இல்லாமல் போகிறது என்பதை அவள் அன்று கண்ணால் கண்டாள்.

நடைமுறைச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். வணிக நோக்கம் இல்லாத பயன்பாட்டுக்கு இது இலவசம். உலாவியிலேயே திறந்து பயன்படுத்தலாம், செயலியாக இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாத நேரத்திலும் வேலை செய்யும். இந்தியாவின் பைஜூஸ் நிறுவனம் இதை 2021இல் வாங்கியது. அதன் பிறகும் மாணவர்களுக்கான இலவசப் பயன்பாடு தொடர்கிறது. ஒரே பெயரில் வரைபடக் கணிப்பான், வடிவியல், கிளாசிக், எல்லாம் சேர்ந்த தொகுப்பு என்று பல செயலிகள் இருப்பதுதான் புதியவரைத் திணறடிக்கும். இந்த இரண்டு பாடங்களுக்கு மட்டும் என்றால் கிளாசிக்கே போதும் என்பது என் பரிந்துரை. கைபேசித் திரையில் விரல் புள்ளியையே மறைத்துவிடுவதால் கோண வேலைக்கு மடிக்கணினியோ பெரிய திரையோ இருப்பது நல்லது; நழுவல் வேலைகளுக்குக் கைபேசி தடையில்லை. ஏழாம் வகுப்புக்குக் கீழுள்ள பிள்ளைகளிடம் இதைக் கொடுக்க நான் அவசரப்படமாட்டேன். அவர்களுக்கு முதலில் கோணமானியைத் தாளில் பதித்து, பென்சிலைச் சீவி, கோடு பிசகாமல் வரையும் கைப்பழக்கம் வர வேண்டும். தேர்வில் எழுத வேண்டியதும் தாளில்தான்.

அந்த நான்காம் வாரத்து மாலையில் அவள் தன் நோட்டில் ஓர் எண்கோடு வரைந்து, 1இன் மேலும் 7இன் மேலும் திறந்த வட்டங்கள் போட்டு, இடைப்பட்ட பகுதியைத் தடித்த கோட்டால் இணைத்தாள். கீழே 1 < ஏபி < 7 என்று எழுதினாள். அதற்கும் கீழே 0° < ∠ஏசிபி < 180° என்று எழுதியபோது, கோணக் குறியின் கீழ்க்கோட்டை மட்டும் அளவுகோல் வைத்துக் கிடையாக இழுத்தாள். இரண்டு திறந்த வட்டங்களின் பக்கத்திலும் பென்சிலால் சின்னதாக, ‘இங்கே முக்கோணம் இல்லை’ என்று எழுதியிருக்கிறாள்.